செயற்கை நுண்ணறிவை எங்கே தொடங்குவது? தமிழ்நாட்டுத் தொழில்களையும் அரசுச் சேவைகளையும் முன்வைத்து ஒரு விரிவான பதில்

வளர்ந்துவரும் ஒரு மாநிலம் தன் முக்கியத் தொழில்களிலும் அரசுச் சேவைகளிலும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவர வேண்டுமானால் எதில் தொடங்க வேண்டும், எதைத் தள்ளிவைக்க வேண்டும், விலை குறையும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகச் சொன்னால் எந்த ஊருக்கும் பொருந்தி எந்த ஊருக்கும் பயன்படாத பதிலாகிவிடும் என்பதால், தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இங்கே நடந்தவற்றிலும் தெலங்கானாவில் நடந்த ஒன்றிலும் இந்தக் கேள்விக்கு வேண்டிய சான்றுகள் போதுமான அளவு இருக்கின்றன.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் செய்வது கணிப்பு: இந்தப் படத்தில் நோய் இருக்கலாம், இந்தத் துணியில் பழுது இருக்கலாம், இந்த மனு இந்தத் துறைக்கு உரியதாக இருக்கலாம் என்று ஓர் ஊகத்தை எண்ணாக்கித் தருகிறது. அந்த எண் வந்து விழும் இடத்தில் அதை வாங்கிச் செயல்பட ஓர் ஆள், அவருக்கு அதிகாரம், அந்தச் செயலுக்கு வேண்டிய படுக்கையோ வண்டியோ பணமோ முன்பே இருந்தால் கணிப்பு பலன் தரும். இல்லையென்றால் எவ்வளவு துல்லியமான கணிப்பும் ஒரு திரையில் எண்ணாகவே நின்றுவிடும். ஆகவே எந்தத் துறை நவீனமானது என்று பார்க்காமல், எந்தத் துறையில் கணிப்புக்குப் பிந்தைய வேலை ஏற்கெனவே ஒழுங்காக நடக்கிறது என்று பார்த்துத் தொடங்க வேண்டும். ஒருவருக்குச் சேர வேண்டியதை நிறுத்தும் முடிவுகளை இந்தக் கருவியிடம் ஒப்படைப்பதை இப்போதைக்கு முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

இதற்கு நான் முதலில் காட்ட விரும்பும் சான்று காசநோய்த் திட்டம். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மாநிலக் காசநோய்ப் பிரிவுடன் சேர்ந்து வகுத்த இத்திட்டத்தின் தொடக்க வடிவத்தில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. நோய் உறுதியான உடனே, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும். நிலைமை மோசம் என்று தெரிந்தால் மருத்துவர் உறுதிசெய்து உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காசநோயால் இறப்பவர்களில் கணிசமானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுவதால், இந்த விரைவுதான் திட்டத்தின் உயிர்நாடி. அந்த அளவீடுகளைப் பதிவுசெய்ய ஒரு வலைச் செயலியும் கூடவே பயன்பாட்டுக்கு வந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 2025-இல், அந்தச் செயலியோடு ஒரு கணிப்பு மாதிரி, அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மென்பொருள், இணைக்கப்பட்டது. நோய் கண்டறியும் அந்த நேரத்திலேயே இவருக்கு இறப்பு அபாயம் எவ்வளவு என்று அது ஒரு விழுக்காட்டைக் காட்டுகிறது. கடும் நிலையில் உள்ளவர்களுக்கு அது 10 முதல் 50 விழுக்காடு வரையிலும், மற்றவர்களுக்கு 1 முதல் 4 விழுக்காடு வரையிலும் இருக்கும் என்று அப்போது விளக்கப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் அளவிடும் பழக்கம் வந்தது. அடுத்து அளவிட்டதும் படுக்கை தரும் ஏற்பாடு வந்தது. அந்த வேலையின் துணைவிளைவாக நம் மக்களைப் பற்றிய, நம் பணியாளர்கள் எடுத்த தரவு சேர்ந்தது. கணிப்பு மாதிரி கடைசியாக வந்தது. ஒரு செவிலியர் ஏற்கெனவே எடுக்கும் ஐந்து அளவுகளிலிருந்தே அது தன் விடையைச் சொல்வதால், புதிய கருவி எதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கவேண்டியிருக்கவில்லை. வேறெந்தத் துறை என்னிடம் கேட்டாலும் இந்த வரிசையையே முன்மாதிரியாகச் சொல்வேன்.

மருத்துவத் துறையிலேயே படங்களைப் படிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் காசநோய் இருக்கலாம் என்று சொல்லும் மென்பொருளை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் படம் படிக்கும் மருத்துவருக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. கதிரியக்க மருத்துவர்கள் மாவட்டத் தலைநகரங்களோடு நின்றுவிடும் நாட்டில் இது பெரிய உதவி. ஆனால் இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளாமல் எந்த அதிகாரியும் கொள்முதலில் கையெழுத்திடக் கூடாது. ஓர் ஊரில் 1,000 பேருக்குப் பரிசோதனை செய்கிறோம், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும் நோயற்றவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்லும் மென்பொருள் 9 நோயாளிகளைப் பிடித்து ஒருவரைத் தவறவிடும். அதோடு நலமாக இருக்கும் 990 பேரில் 99 பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். ஆக 108 பேர் பட்டியலில் வருவார்கள். உண்மையில் நோய் இருப்பது அவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவரிடம்தான். விளம்பரத்தில் அச்சாகும் '90 விழுக்காடு துல்லியம்' என்பது களத்தில் இப்படித்தான் உருமாறும். இது மென்பொருளின் குறை அன்று, நோய் அரிதாக இருப்பதால் வரும் கணக்கு. அந்த 108 பேருக்கும் சளிப் பரிசோதனை செய்ய மூலக்கூறு ஆய்வுக் கருவியும் அதற்கான வேதிப்பொருளும் வட்டார அளவில் இருப்பில் உண்டா என்பதே வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவமும் இதையே சொல்கிறது. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பை ஒளிப்படத்திலிருந்து கண்டறியும் கூகுள் மாதிரி பற்றிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டன. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தில், சிற்றூர்க் கண் மையங்களில் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் அந்த மாதிரி வருவதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. படம் எடுக்கப் பழகிய கைகளும், பாதிப்பு தெரிந்தால் லேசர் சிகிச்சைக்கு அழைத்துவரும் வழியும் தயாராக இருந்தன. இதே வகைக் கருவியை தாய்லாந்தின் 11 சிற்றூர் மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று அது ஒதுக்கிவிட்டது. அறையில் வெளிச்சம் அதிகம், இணையம் மெதுவாக இருந்தது, செவிலியருக்கு நேரமில்லை. 2020-இல் வெளியான அந்த ஆய்வை, ஆய்வகத்தில் வென்ற மாதிரி வட்டார மருத்துவமனையில் ஏன் தடுமாறுகிறது என்று அறிய விரும்பும் எவரும் தேடிப் படிக்க வேண்டும்.

மருத்துவத்துக்கு வெளியே, கோவை மதுக்கரையில் தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் தொடங்கிய யானை எச்சரிக்கை அமைப்பு இந்த வரிசையில் வைக்கத்தக்கது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே காட்டை ஊடறுத்துச் செல்லும் ரயில் பாதையில் 2021 நவம்பரில் ஒரே விபத்தில் மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் ரூ. 7.24 கோடியில் 12 கோபுரங்கள் எழுப்பி, வெப்பத்தை உணரும் கேமராக்கள் பொருத்தி, யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ரயில் மோதி யானை எதுவும் இறக்கவில்லை என்று வனத்துறை தெரிவித்தது. இந்த வெற்றியில் பாதிக்கு மேல் கேமராவுக்கு வெளியே இருக்கிறது என்பது என் மதிப்பீடு. செய்தி வந்தால் ஓடிப்போய் யானையை விலக்க வனப் பணியாளர்கள் அங்கே இரவும் பகலும் இருக்கிறார்கள். ரயில் ஓட்டுநருக்குத் தகவல் சேர்த்து வேகத்தைக் குறைக்க ரயில்வேயுடன் உடன்பாடு இருக்கிறது. யானைகள் கடக்கச் சுரங்கப்பாதைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு அரசுகளின் துறைகள் ஒரு செய்தியை நிமிடங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது சாதாரணக் காரியமன்று. கேமராவை வேறு காட்டில் அப்படியே நட்டுவிடலாம். அந்த உடன்பாட்டை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

இனி, செய்யக் கூடாததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல அரசுகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நலத்திட்டங்களில் தகுதியற்றவர்களைக் களையெடுக்கக் கணினியைப் பயன்படுத்துவது காகிதத்தில் கவர்ச்சியாக இருக்கும். சேமிப்பு எவ்வளவு என்று உடனே எண் காட்டலாம். தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற அமைப்பு, வாகனப் பதிவு, சொத்து, மின் இணைப்பு போன்ற பல துறைப் பதிவேடுகளைப் பெயர், முகவரி ஒற்றுமையை வைத்து ஒரே குடும்பத்தோடு இணைத்தது. அம்மாநிலத்தில் 2014-க்கும் 2019-க்கும் இடையே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தாயின. இந்த அமைப்பும் அதில் பயன்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022-இல் நேரடிக் கள ஆய்வு செய்ய உத்தரவாயிற்று. கார் வாங்க நினைத்தும் பார்த்திராத குடும்பத்துக்குப் பெயர் ஒற்றுமையால் கார் முளைத்த கதைகள் பின்னர் செய்திகளாக வெளிவந்தன. அரிசி நின்றுபோன குடும்பம் தனக்குக் கார் இல்லை என்பதை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. தவறு செய்தது இயந்திரம். நிரூபிக்கும் சுமை ஏழையின் தலையில். இதைவிடப் பெரிய அநீதியை ஒரு மென்பொருளால் செய்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பெயர்ப் பொருத்தம் இன்னும் மோசமாகத் தடுமாறும் என்பதற்கு எளிய காரணம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் பெயருக்கு முன்னும், இன்னொன்றில் பின்னும், மூன்றாவதில் தந்தை பெயராக விரிந்தும் நிற்கும். இளங்கோ என்ற ஒரே பெயர் ஆங்கில ஆவணங்களில் 'ஐ' எழுத்திலும் தொடங்கும், 'ஈ' எழுத்திலும் தொடங்கும். ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட மூன்று முருகேசன்கள் இருப்பார்கள். நம்மிடம் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள் உள்ளன. ஓர் அமைப்பு 99 விழுக்காடு சரியாக இயங்கினால்கூட 2.2 லட்சம் குடும்பங்கள் தவறுக்கு ஆளாகும். அதனால்தான் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது என்கிறேன். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இதே தரவிணைப்பைப் பயன்படுத்தட்டும். அங்கே தவறு நேர்ந்தால் ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு வீண் நடை, அவ்வளவுதான்.

2023 செப்டம்பரில் 1.06 கோடிப் பெண்களோடு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலும் பல துறைத் தரவுகளோடு ஒப்பிட்டுத்தான் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டன. ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை போன்ற விதிகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டன. நிராகரிப்புக்குக் குறுஞ்செய்தி வந்தது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. அந்தத் திட்டத்தின் தேர்வு குறித்து மனக்குறை உள்ளவர்கள் பலர் உண்டு. இருந்தாலும் வெளிப்படையான விதி, காரணம் சொல்லும் செய்தி, பெயரும் பதவியும் உள்ள ஒரு மேல்முறையீட்டு அதிகாரி என்ற மூன்றும் இருந்ததால் குறையைச் சொல்ல ஒரு வாசல் இருந்தது. எந்தக் கற்றல் மாதிரியை நலத்திட்டத்தில் கொண்டுவந்தாலும் இந்த மூன்றுக்கும் கீழே இறங்கக் கூடாது.

முக அடையாளம் காணும் முறையும் இதே வகையைச் சேர்ந்தது. அங்கன்வாடிகளில் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவுக்கு நாடு முழுவதும் 2025 ஜூலை முதல் முகப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசி பழையதாக இருந்தாலோ, சிக்னல் கிடைக்காவிட்டாலோ, ஆதாரில் உள்ள படத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் பொருந்தாமல் போனாலோ, எதிரே நிற்கும் கர்ப்பிணியை ஆண்டுக்கணக்கில் அறிந்த அங்கன்வாடிப் பணியாளரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகிறது. பணியாளர் கையெழுத்திட்டு உணவைக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கும் மாற்று வழி எழுத்தில் இல்லாத எந்த முகப் பதிவு முறையையும் ஏற்கக் கூடாது.

அரசுச் சேவைகளில் நன்மை தெளிவாக இருக்கும் இடம் மனுக்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டம், 1100 தொலைபேசி எண், 2021-இல் உருவான 'முதல்வரின் முகவரி' துறை எல்லாம் சேர்ந்து பெருந்தொகையான மனுக்களைக் கொண்டுவருகின்றன. கையால் எழுதிய மனுவைப் படித்து, சுருக்கி, பட்டா மாறுதலா, முதியோர் ஓய்வூதியமா, தெருவிளக்கா என்று பிரித்து உரிய அலுவலருக்கு அனுப்புவது இன்றைய மொழி மாதிரிகளால் இயலக்கூடிய வேலை. தவறாகப் பிரித்தால் அலுவலர் திருப்பி அனுப்பலாம். யாருடைய உரிமையும் பறிபோகாது. ஒரே ஊரிலிருந்து ஒரே குறை இருபது பேரிடமிருந்து வந்தால் அதை மாவட்ட ஆட்சியருக்குக் காட்டவும் அது உதவும். ஒரே ஒரு நிபந்தனை: 'மனு முடித்துவைக்கப்பட்டது' என்று எழுதும் அதிகாரம் மென்பொருளுக்கு இருக்கக் கூடாது. முடித்துவைத்த எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசை ஏற்கெனவே அலுவலகங்களில் இருக்கிறது. அதற்குக் கருவி வேறு கொடுத்துவிடக் கூடாது.

இந்த வேலைக்குத் தமிழ் ஒரு தடையா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவும், ஒன்றிய அரசின் 'பாஷிணி' திட்டமும் இந்திய மொழிகளுக்கான பேச்சறிதல், மொழிபெயர்ப்பு மாதிரிகளைப் பொதுவில் தந்திருக்கின்றன. எழுத்துத் தமிழில் இன்று கணிசமான திறன் வந்துவிட்டது. சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மனுதாரர் பேசும் தமிழ். கொங்கு வட்டாரப் பேச்சும் கன்னியாகுமரிப் பேச்சும் செய்தி வாசிப்புத் தமிழில் பழகிய மாதிரிக்குப் பாதி புரியாது. தொலைபேசிக் குறைதீர் மையத்துக்கு வரும் அழைப்புகளை, பேசுபவரின் இசைவோடு, அடையாளம் நீக்கிப் பயிற்சித் தரவாக்கினால் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத செல்வம் அது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் தரவு குறியிடும் (எது என்ன என்று கணினிக்குப் பெயரிட்டுத் தரும்) பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதால், அந்த வேலைக்கு ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். இரண்டாவது சிக்கல், பழைய ஆவணங்கள். கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறைகளான யூனிகோடும் டேஸ்16-உம் அரசின் தரம் என்று 2010-இல் அறிவிக்கப்பட்டாலும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளும், சாய்வாக ஸ்கேன் செய்த அரசாணைகளும் அலுவலகங்களில் மலைபோல் கிடக்கின்றன. அவற்றைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் பணிக்குப் புகழ் கிடைக்காது, திறப்பு விழா நடத்த முடியாது; ஆனாலும் என்னைக் கேட்டால் முதல் ஆண்டு நிதியில் பெரும்பங்கை அதற்கே கொடுப்பேன்.

தொழில்துறைக்கு வருகிறேன். திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பின்னலாடையில் செயற்கை நுண்ணறிவு என்றதும் தையல் இயந்திரத்துக்கு மேல் கேமரா வைத்துத் தொழிலாளியின் கையை எண்ணுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது பலன் குறைந்த, மனத்தைப் புண்படுத்தும் பயன்பாடு. உண்மையான பலன் சாயப்பட்டறையில் இருக்கிறது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் மீண்டும் இயங்கின. இன்று அங்கே ஒவ்வொரு லிட்டர் சாயத் தண்ணீரையும் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்தாக வேண்டும். ஒரு லாட்டின், அதாவது ஒரே தடவையில் சாயம் போடும் துணியின், ஷேடு வாங்குபவர் கேட்ட நிறத்துக்குப் பொருந்தாமல் மறுசாயம் போட நேர்ந்தால், சாயத்துக்கும் உப்புக்கும் நீராவிக்கும் மட்டும் அன்றி, சுத்திகரிப்புக்கும் இரண்டாம் முறை செலவாகிறது.

ஆய்வகத்தில் சரியாக வந்த நிறம் பெரிய இயந்திரத்தில் மாறிப்போவதற்கு நீரின் கடினத்தன்மை, துணியின் எடை, சாயப் பெட்டியின் லாட் மாற்றம், வெப்பம் ஏறிய வேகம், காரத்தன்மை எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பல காரணிகள் பின்னிய, ஆனால் ஒவ்வொரு நாளும் விடை தெரிந்துவிடும் இத்தகைய வேலையில்தான் கற்றல் மாதிரிகள் நன்றாகத் தேறும். விடை தெரிய ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் நிறமானி சொல்லிவிடும். இதற்கு வேண்டிய தரவு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் சாயக் கலவையை முடிவுசெய்யும் டையிங் மாஸ்டரின் நோட்டுப் புத்தகத்திலும் நினைவிலும் இருக்கிறது. அந்த நோட்டைப் பிடுங்கிக் கணினியில் ஏற்றிவிட்டு மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் முதலாளி இரண்டையும் இழப்பார். மாதிரி தரும் கலவையை ஏற்பதா திருத்துவதா என்று மாஸ்டர் முடிவுசெய்ய வேண்டும். அவர் திருத்தியதும் ஏன் திருத்தினார் என்பதும் பதிவாக வேண்டும். மறுசாயம் குறைந்ததில் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும்.

பின்னும் இயந்திரத்தில் கேமரா வைத்து ஊசி உடைந்ததால் துணியில் விழும் கோடுகளையும் ஓட்டைகளையும் உடனே கண்டு நிறுத்தும் கருவிகளும் சந்தையில் உள்ளன. சாயம் போட்டபின் செக்கிங் மேசையில் தெரியும் பழுதை, துணி பின்னும்போதே நிறுத்துவது பெரிய சேமிப்புதான். ஆனால் அந்தச் சேமிப்பு யாருக்கு? கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பின்னித் தரும் சிறு நிட்டிங் உரிமையாளர் கேமராவுக்குக் கடன் வாங்க வேண்டும். பழுதில்லாத துணியின் பலன் ஏற்றுமதியாளருக்குப் போகும். பழுது குறைந்த துணிக்குக் கூலி கூட்டித்தரும் ஒப்பந்தம் வராமல் கேமரா மட்டும் வந்தால் சிறு பட்டறைகள் அதை வாங்கமாட்டார்கள், வாங்க வேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை. அரசு மானியம் தரும்போது இந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத் தர வேண்டும். செக்கிங்கில் வேலை செய்யும் பெண்களின் வேலை குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேமராவின் படங்களுக்குப் பழுதின் பெயர் சொல்லிப் பழக்கப்படுத்தும் வேலையை அவர்களுக்கே தருவது நடக்கக்கூடிய ஒன்று, ஏனெனில் எது ஏற்கத்தக்க பழுது, எது ஏற்கத்தகாதது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வேளாண்மையில் என் எதிர்பார்ப்பு இதைவிட அடக்கமானது. டெல்டாவில் குறுவை அறுவடையின்போது மழை வந்தால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவிந்து நனைந்து முளைக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதுவது வழக்கம். நெல்லின் தரத்தைப் படம் பிடித்து நொடியில் சொல்லும் கருவிகள் பற்றி ஆர்வமாகப் பேசுகிறார்கள். ஆனால் ஈரம் எவ்வளவு என்பது அங்கே யாருக்கும் புதிரில்லை. உலர்த்தும் இயந்திரமும் சாக்கும் லாரியும் கிடங்கில் இடமும்தான் போதவில்லை. எந்த நிலையத்துக்கு எந்த வாரம் எவ்வளவு நெல் வரும் என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து முன்கூட்டியே கணித்து, சாக்கையும் லாரியையும் நகர்த்த அது பயன்பட்டால் மகிழ்வேன். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கிடும் திறன் நமக்குப் புதிதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அதைப் பல ஆண்டுகளாகச் செய்திருக்கின்றன.

பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமைக்கான விளைச்சல் மதிப்பீட்டில் 2023 முதல் தொழில்நுட்பக் கணிப்புக்கு 30 விழுக்காடு எடை தரப்படுகிறது. மீதி, வயலில் அறுத்து எடைபோடும் பழைய சோதனைக்கு. இந்த விகிதம் நியாயமானது. வயல் சோதனையை நிறுத்திவிட்டால் கணிப்பு சரியா என்று பார்க்கவே வழியில்லாமல் போகும். 2025-இல் 13 மாநிலங்களின் 3.8 கோடி உழவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு சார்ந்த பருவமழைத் தொடக்கக் கணிப்பு குறுஞ்செய்தியாகச் சென்றது. அது தென்மேற்குப் பருவமழைக்கானது. நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வருவதால், சம்பாப் பயிருக்கு உதவ வேண்டுமானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நம் மழைக்குத் தனியாகச் சோதிக்கப்பட்ட கணிப்பு வேண்டும். உழவருக்குப் பதில் சொல்லும் உரையாடல் செயலியைப் பொறுத்தவரை, பூச்சிமருந்தின் அளவைத் தானாக இட்டுக்கட்டிச் சொல்லும் வாய்ப்பு அதற்குத் துளியும் இருக்கக் கூடாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேட்டில் உள்ளதை மட்டும் சொல்லி, அதற்கு மேல் உதவி வேளாண்மை அலுவலரின் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

கொள்முதல் முறையைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வாங்கப் பழகிய துறைகளுக்குக் கட்டடமும் கணினியும் வாங்கத் தெரியும். ஆண்டுதோறும் தேய்ந்துபோகும் கணிப்பை வாங்கிப் பழக்கமில்லை. தரவு மாறினால் மாதிரியின் துல்லியம் குறையும். ஆகவே ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் இருக்க வேண்டும் என்பேன்: நம் மாவட்டங்களின் தரவில் சோதித்த முடிவுகள், எத்தனை பேரைத் தவறவிட்டது என்பதையும் சேர்த்து, வெளியிடப்பட வேண்டும், ஒவ்வொரு கணிப்பும் அதன்மேல் அலுவலர் எடுத்த முடிவும் பதிவாக வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனைக்கும் மறுபயிற்சிக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும், நிறுவனம் விலகினால் தரவும் குறியீடுகளும் துறையிடமே இருக்க வேண்டும். முன்னோட்டத் திட்டங்கள் பல, திறப்பு விழாவுக்கு அடுத்த நிதியாண்டில் சத்தமில்லாமல் நின்றுபோவது மூன்றாவது நிபந்தனை இல்லாததால்தான்.

கொள்கை அளவில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கு விடுமுன் ஓர் அமைப்பின் நியாயம், தனியுரிமை, தணிக்கைக்கு உட்படும் தன்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் அட்டையே அதில் உண்டு. ஒன்றியத்தின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியமும் சலுகையும் வழங்குவதற்காக அரசு தரவைக் கையாளத் தனி இசைவு கேட்கத் தேவையில்லை என்கிறது; இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமையையும் அது தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவேண்டிய பொறுப்பு மாநிலத்துக்கு இருப்பதால், ஒவ்வொரு துறையும் தான் பயன்படுத்தும் மாதிரிகளின் பட்டியலையும் அந்த மதிப்பெண் அட்டையையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விலை குறையும்வரை காத்திருக்கலாமா என்ற உங்கள் கேள்வி. கணினித் திறனுக்குக் காத்திருக்கலாம். அது எப்படியும் மலிவாகும், 2024-இல் ரூ. 10,372 கோடியில் அறிவிக்கப்பட்ட இந்தியாஏஐ இயக்கமும் அதைக் குறைந்த கட்டணத்தில் தர முயல்கிறது. காத்திருந்தால் தானாக வந்துசேராதவை வேறு: செவிலியர் ஒழுங்காக எழுதும் ஐந்து அளவுகள், டையிங் மாஸ்டரின் நோட்டு, யூனிகோடுக்கு மாறிய கோப்புகள், வடகிழக்குப் பருவ மழைப் பதிவு, அழைப்பு மையத்தில் பேசும் வட்டாரத் தமிழ், வருவாய்க் கோட்டாட்சியரிடம் ஒரு மேல்முறையீட்டு வழி. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இவற்றை இந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். மாதிரிகளை வாங்குவதை, முதலில் காசநோய் போன்று இவை ஏற்கெனவே உள்ள ஒன்றிரண்டு துறைகளோடு நிறுத்திக்கொண்டு, அங்கே இறப்போ மறுசாயமோ மனுவின் காத்திருப்போ உண்மையில் குறைந்ததா என்று ஓராண்டு அளந்து, அந்த அளவை வெளியிட்ட பின் அடுத்த துறைக்குப் போகலாம்.